எழுவாய் எங்கே? – சர்வதேச அரசியல் பொருளாதாரமும் தமிழ்மொழிமூல மாணவரும்

நமது பிள்ளைகள் கலைப்பீடத்துக்குப் போய் அரசியல் விஞ்ஞானத்தையோ பொருளியலையோ எடுக்கும்போது, ‘சர்வதேச அரசியல் பொருளாதாரம்’ என்றொரு பாடத்தை ஏதோ ஓர் அரையாண்டில் சந்திக்கிறார்கள். பரீட்சை முடிந்ததும் அதை மறந்தும் விடுகிறார்கள். கெலிஓயாப் பக்கத்திலிருந்து கெம்பஸ் போன சிலர் அப்பாடத்தின் தமிழ்க் குறிப்புகளை என்னிடம் கொண்டுவருவதுண்டு. நான் பொருளியல் படித்தவன் அல்ல. தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்துவிட்டுப் பாடசாலையில் தமிழ் கற்பிப்பவன். “சேர், முழுக்கப் பாடமாக்கிட்டேன். ஆனா என்ன சொல்லுதெண்டுதான் விளங்குதில்ல” என்பது அவர்கள் சொல்லும் குறை. அந்தக் குறிப்புகளை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு, தமிழாசிரியன் ஒருவன் செய்யக்கூடிய விமர்சனத்தைச் செய்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஒரு கவிதைத் தொகுதியை விமர்சிப்பதற்கு நாம் எடுக்கும் சிரத்தையில் பாதியையாவது நம் பிள்ளைகள் படிக்கும் பாடக்குறிப்புக்கும் எடுக்கலாம்தானே.

முதலில் பாடம் எதைப் பற்றியது என்று பார்ப்போம். நாடுகளுக்கிடையே பொருளும் பணமும் உழைப்பும் ஓடும் வழிகளை அதிகாரம் எப்படித் தீர்மானிக்கிறது, அந்த ஓட்டம் அதிகாரத்தை எப்படி மாற்றுகிறது என்பதே இதன் கேள்வி. 1970ஆம் ஆண்டு சூசன் ஸ்ட்ரேஞ்ச் என்ற பிரித்தானிய அறிஞர், சர்வதேசப் பொருளியலும் சர்வதேச உறவுகளும் ஒன்றையொன்று கவனிக்காமல் வாழ்கின்றன என்று ஒரு கட்டுரையில் கண்டித்தார். அடுத்த ஆண்டே அமெரிக்கா டொலருக்குத் தங்கம் தருவதை நிறுத்தியது. 1973இல் எண்ணெய் விலை ஏறியது. இவற்றைப் பொருளியலால் மட்டுமோ அரசியலால் மட்டுமோ விளக்க முடியவில்லை. இந்த நெருக்கடிகளின் நடுவேதான் இத்துறை பல்கலைக்கழகங்களில் தனியிடம் பிடித்தது. 1987இல் வந்த ரொபர்ட் கில்பினின் நூல், தாராளவாதம், தேசியவாதம், மார்க்சியம் என்ற மூன்று பார்வைகளை வரிசைப்படுத்தியது. அடுத்த ஆண்டு ஸ்ட்ரேஞ்ச் தமது ‘அரசுகளும் சந்தைகளும்’ என்ற நூலில் பாதுகாப்பு, உற்பத்தி, நிதி, அறிவு என்று அதிகாரத்தின் நான்கு அமைப்புகளைக் காட்டினார். இந்த ஏற்பாட்டில் யாருக்கு நன்மை என்று கேட்பதே அவர் பழக்கிவிட்ட முறை.

நான் பார்த்த குறிப்புகளில் கில்பினின் மூன்று பார்வைகள் மூன்று நிரல்களாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் ஸ்தாபகர், ஆண்டு, ‘பிரதான பண்புகள்’, ‘குறைபாடுகள்’. அதன்பின் சர்வதேச நாணய நிதியம், உலக வங்கி, உலக வர்த்தக நிறுவனம் ஆகியவற்றின் நோக்கங்கள் ஐந்தைந்தாக எழுதப்பட்டிருக்கின்றன. ஸ்ட்ரேஞ்சின் நான்கு அமைப்புகளும் இருக்கின்றன. அவருடைய கேள்விதான் இல்லை. இலங்கை கடைசிப் பக்கத்தில் ‘உதாரணம்’ என்ற தலைப்பின் கீழ் நான்கு வரியில் வந்து போகிறது.

இதைவிட என் கண்ணை உறுத்தியது அதன் வாக்கிய அமைப்பு. “கடன் பெறப்பட்டது.” “நாணயம் மிதக்க விடப்பட்டது.” “மானியங்கள் குறைக்கப்பட்டன.” எல்லாம் செயப்பாட்டு வினை. இலக்கணப்படி இத்தகைய வாக்கியத்தில் செயலைச் செய்தவர் மூன்றாம் வேற்றுமையில், ‘ஆல்’ உருபோடு வரவேண்டும். ஆனால் அதை விட்டுவிட்டாலும் வாக்கியம் பிழையாகாது. அந்த வசதியில்தான் செய்தவர் ஒளிந்துகொள்கிறார். இன்னொரு வகையும் உண்டு. “பணவனுப்பல்கள் வீழ்ச்சியடைந்தன” என்று எழுதினால், ஏதோ பணம் தானாகக் கால் இடறி விழுந்ததுபோல இருக்கிறது. குறிப்பை விளங்கவில்லை என்று மாணவி சொல்வது அவளுடைய தமிழறிவின் குறையல்ல. யார் செய்தார், யாருக்குச் செய்தார் என்பது இல்லாத ஒன்றை எவரால் விளங்க முடியும்? ஆங்கிலக் குறிப்புகளிலும் இந்த நோய் உண்டுதான். ஆனால் ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைக்கு அடுத்த புத்தகத்தைத் திறந்து மருந்து தேட வழியிருக்கிறது. தமிழில் படிக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் அந்தக் குறிப்பே முதலும் முடிவும்.

இந்த எழுத்துப் பழக்கம் கெம்பஸ் குறிப்புக்கு மட்டும் உரியதல்ல. நாம் எல்லோரும் சிறுவயதிலிருந்து எழுதிவரும் ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: “ஒராபி பாஷா இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டார்.” 1883 ஜனவரியில் கொழும்பில் இறங்கினார், 1892இல் கண்டிக்கு வந்தார், சித்திலெப்பை, வாப்பிச்சி மரிக்கார் ஆகியோரோடு சேர்ந்து கல்விக்கு உழைத்தார், 1901இல் எகிப்து திரும்பினார். கண்டி ஹல்லொலுவ வீதியில் அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவகமாக இருக்கிறது. ஸாஹிராக் கல்லூரி பற்றி எந்த மீலாத் மலரிலும் படிக்கலாம். ஆனால் அவரை நாடு கடத்தியது யார், எதற்காக என்று கேட்டால் “வெள்ளைக்காரன்” என்ற ஒரு சொல்லோடு கதை முடிந்துவிடும்.

அந்த ‘எதற்காக’ என்ற கேள்விக்குப் பதில் ஒரு கடன் கணக்கு. 1861இல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போரால் தென் மாநிலங்களின் பருத்தி ஐரோப்பிய ஆலைகளுக்குப் போவது தடைப்பட்டது. எகிப்தின் பருத்திக்கு விலை ஏறியது. அந்த வருமானம் நிலைக்கும் என்று நம்பி கெதீவ் இஸ்மாயில் ஐரோப்பிய வங்கிகளிடம் கடன்மேல் கடன் வாங்கினார். போர் முடிந்தது, விலை விழுந்தது, கடன் நின்றது. 1875இல் சுயஸ் கால்வாயில் எகிப்துக்கிருந்த பங்குகளை ஏறத்தாழ 40 இலட்சம் பவுணுக்குப் பிரித்தானிய அரசு வாங்கிக்கொண்டது. 1876இல் கடன் கொடுத்தவர்களின் நெருக்குதலால் கெதீவ் கெய்ரோவில் பொதுக்கடன் ஆணைக்குழுவை நிறுவினார். பிரித்தானியரும் பிரெஞ்சுக்காரரும் எகிப்தின் வரவு செலவுக்குக் காவல் உட்கார்ந்தார்கள். செலவைக் குறைப்பதற்காக 1879இல் இராணுவ அதிகாரிகள் பலரின் சம்பளத்தைப் பாதியாக வெட்டினார்கள். விவசாயி வரி கட்டினான். அந்த வரி கடன் பத்திரம் வைத்திருந்தவர்களிடம் போனது. இந்தச் சூழலில்தான் விவசாயக் குடும்பமொன்றில் பிறந்த இராணுவ அதிகாரி ஒராபி “எகிப்து எகிப்தியருக்கே” என்று எழுந்தார். 1882 ஜூலையில் பிரித்தானியக் கடற்படை அலெக்சாந்திரியாவைக் குண்டு வீசித் தகர்த்தது. செப்டெம்பரில் தல் அல்கபீரில் ஒராபி தோற்றார்.

அதாவது நமது ஊரில் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்த மனிதர், சர்வதேச அரசியல் பொருளாதாரப் பாடத்தின் ஓர் அத்தியாயம். நாம் அவரைத் துருக்கித் தொப்பியோடும் கல்லூரியோடும் நினைவில் வைத்தோம்; கடன் பத்திரத்தை மறந்தோம். வட்டி பற்றிய மார்க்கத் தீர்ப்பு நமக்குத் தெளிவானது. ஆனால் அந்தத் தீர்ப்பைச் சொல்லி முடித்தவுடன், கடன் வாங்கியவர் யார், கட்டியவர் யார் என்ற விசாரணையும் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். விசாரணை அங்கிருந்துதான் தொடங்கவேண்டும்.

எகிப்திலிருந்து இங்கே வருவோம். இலங்கை 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை இடைநிறுத்தியது. 1882இன் போர்க்கப்பல் இப்போது வரவில்லை. கடன் பத்திரக்காரர் ஒருவர் நியூயோர்க் நீதிமன்றத்துக்குப் போனார்; 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் நான்கு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் தரச் சம்மதித்தது. கருவிகள் வேறு, காலம் வேறு. இரண்டையும் ஒன்றென்று எழுதும் மாணவருக்கு நான் புள்ளி போடமாட்டேன். ஆனால் இரண்டிடமும் ஒரே கேள்வியைக் கேட்கலாம்.

“2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைக்கப்பட்டது” என்று குறிப்பு சொல்கிறது. யாருடைய பணம்? அரசாங்கத்தின் திறைசேரி முறிகளை வங்கிகளும் வைத்திருந்தன, ஊழியர் சேமலாப நிதியும் வைத்திருந்தது. வங்கிகளின் முறிகளை அரசாங்கம் தொடவில்லை. சேமலாப நிதி போன்றவை தம்மிடமிருந்த முறிகளைக் குறைந்த வட்டியும் நீண்ட தவணையும் கொண்ட புதிய முறிகளுக்கு மாற்றவேண்டியிருந்தது. மாற்றாவிட்டால் 14 வீத வரிக்குப் பதிலாக 30 வீத வரி. வங்கிகள் விழுந்தால் வைப்பாளர்களும் விழுவார்கள் என்பது அரசாங்கம் சொன்ன நியாயம். அது வெறும் சாட்டல்ல, யோசிக்கவேண்டிய நியாயம்தான். ஆனால் சேமலாப நிதி யாருடையது? தைத்த ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளையுடையது, தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணுடையது, கடையில் சம்பளத்துக்கு நிற்கும் நம் தம்பியுடையது. ‘மறுசீரமைக்கப்பட்டது’ என்ற சொல்லுக்குள் இவ்வளவு பேர் இருக்கிறார்கள்.

அடுத்தது, அந்தத் தடுக்கி விழுந்த பணவனுப்பல். 2020இல் வெளிநாட்டிலுள்ள நம்மவர்கள் வங்கிகள் மூலம் அனுப்பியது 7.1 பில்லியன் டொலர். 2021இல் அது 5.5 பில்லியன். 2022இல் 3.8 பில்லியன். இதன் காரணத்தை ரியாதிலோ குவைத்திலோ வேலை செய்யும் ஓர் உம்மாவிடம் கேட்டால் ஒரு வரியில் சொல்லுவார்: “பேங்க்ல போட்டா இருநூறு, உண்டியல்ல போட்டா அதவிடக் கூட.” மத்திய வங்கி டொலரை ஏறத்தாழ 200 ரூபாவில் 2022 மார்ச் வரை பிடித்து வைத்திருந்தது. வெளியே விலை அதற்கு மேல் போயிற்று. உழைத்தவர் கூடத் தரும் வழியில் அனுப்பினார். அந்த 200 ரூபா விலையில் வங்கியில் டொலர் எடுக்க முடிந்த இறக்குமதியாளருக்கோ அது இலாபம். மிதக்க விட்டபின் டொலர் 360 ரூபா வரை ஏறியது. வங்கி விலைக்கும் உண்டியல் விலைக்கும் இடையிலிருந்த தூரம் குறைந்தது. 2023இல் பணவனுப்பல் திரும்ப 6 பில்லியனை நெருங்கியது. சென்மதி நிலுவை, நாணய மாற்று வீதம், அரசின் கொள்கை, குடும்பத்தின் முடிவு எல்லாம் இந்த ஒரு கதையில் இருக்கின்றன. இது தெரிந்த வீட்டுப் பிள்ளைதான், குறிப்பில் ‘பணவனுப்பல்கள்’ என்ற சொல்லைக் கண்டதும் அது தன் வீட்டுக் கதை என்று அடையாளம் காணாமல் பாடமாக்குகிறாள். என் முறைப்பாடு இதுதான்.

எழுவாயைத் தேடி எழுதிய நூல்கள் நம் நாட்டிலேயே இல்லாமலில்லை. எஸ்.பி.டி. டி சில்வா 1982இல் வெளியிட்ட ‘குறைவிருத்தியின் அரசியல் பொருளாதாரம்’ அவற்றில் தலையாயது. 600 பக்கங்களுக்கு மேற்பட்ட ஆங்கில நூல். நம் பாடக்குறிப்புகள் காலனித்துவ இலங்கையை ‘இரட்டைப் பொருளாதாரம்’ என்று விளக்குகின்றன: தோட்டம் நவீன துறை, கிராமம் பின்தங்கிய துறை. டி சில்வா அந்த விளக்கத்தையே மறுக்கிறார். தோட்டம் எந்த வகையில் நவீனம்? அது மலிவான கைகளைக் கூட்டி, கையால் செய்யும் வேலையைக் கையாலேயே தொடர்ந்தது. தோட்டங்களை ஆட்டிவைத்த முகவர் நிறுவனங்களின் வருமானம் பெரும்பாலும் தரகிலும் கப்பலேற்றலிலும் பண்டம் வழங்கலிலும் வந்தது. உற்பத்தி முறையை மாற்றவேண்டிய தேவை அவற்றுக்கு இருக்கவில்லை. வணிக மூலதனம் கைத்தொழில் மூலதனமாக வளராமல் நின்றதே நாடு பின்தங்கியதன் காரணம் என்பது அவர் வாதம்.

இந்த வாதத்தைப் படிக்க நம் பகுதியைவிடப் பொருத்தமான இடம் வேறெங்கே? 1820களில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்டது கம்பளையில். 1867இல் கண்டி வரை வந்த ரயில் பாதையை 1874இல் நாவலப்பிட்டிவரை நீட்டியது தோட்டத்துப் பண்டத்தை இறக்க. அந்தப் பாதைதான் கெலிஓயாவைக் கடந்து போகிறது. நாம் அதில் ஏறி வேலைக்குப் போகிறோம். அது எதற்காகப் போட்ட பாதை என்று வகுப்பில் கேட்பதில்லை.

நூலில் குறையில்லையா? உண்டு. முதலாவது, இது பட்டதாரி மாணவருக்காக எழுதியதல்ல. ஆபிரிக்கா, ஆசியா என்று ஒப்பீடுகள் அடுக்கடுக்காக வருகின்றன. வழிகாட்டி இல்லாமல் நுழைந்தால் மாணவர் திசை தவறுவார். இரண்டாவது, வெள்ளையர் குடியேறி நிலைத்த காலனிகளையும் குடியேறாத காலனிகளையும் பிரித்து, முன்னையவற்றில் மூலதனம் உள்ளூரில் தங்கியது என்று அவர் காட்டும்போது, அவசரமாகப் படிக்கும் ஒருவர் குடியேற்றம் நல்லதென்று எண்ணிவிடலாம். அங்கே மண்ணின் மக்கள் இழந்த நிலத்தையும் கணக்கில் சேர்த்துப் படிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மூன்றாவது, 1977இன் பின் வந்த ஆடைத் தொழிற்சாலையும் மத்திய கிழக்கு வேலையும் நாட்டின் டொலர் வருமானத்தையே மாற்றிவிட்டன. 1982இல் முடிந்த நூலில் அவற்றின் முழுக் கதையையும் தேட முடியாது. அது இன்றைய மாணவர் எழுதவேண்டிய பகுதி.

இந்நூல் நம் சமூகத்துக்குச் சங்கடமான ஒரு கேள்வியையும் வைக்கிறது. ‘வியாபார சமூகம்’ என்று நாம் நம்மைப் பற்றிப் பெருமையாக எழுதுகிறோம். மேடைகளிலும் சிறப்பு மலர்களிலும் அதற்குக் குறைவில்லை. வாங்கி விற்பது மட்டும் ஒரு நாட்டின் உற்பத்தியை உயர்த்துமா என்று டி சில்வா கேட்கிறார். கெலிஓயாவின் சில்லறைக் கடையும் கொழும்பின் பிரித்தானிய முகவர் நிறுவனமும் ஒரே தராசில் நிற்கக்கூடியவை அல்ல. கிழக்கிலே நெல் விதைப்பவரும், கடலுக்குப் போகிறவரும், கூலிக்கு நிற்பவருமாக நம்மில் பெருந்தொகையினர் வியாபாரிகளே அல்ல. இந்த வேறுபாடுகளைக் கணக்குப் போட்டுக் காட்டாமல் ‘வியாபார சமூகம்’ என்ற ஒற்றைப் பெயரை நாமே சூட்டிக்கொள்வது ஆபத்தானது. ஏனென்றால் எழுவாய் இல்லாத வாக்கியம் அப்படியே வெறுமையாகக் கிடப்பதில்லை. “விலை ஏறியது” என்று ஒருவன் சொன்னால், “ஏற்றியது யார்?” என்று இன்னொருவன் கேட்பான். விடை படித்துவைத்திராத இடத்தில், கைக்கு எட்டிய பெயரை அவன் அங்கே வைப்பான்.

1915இல் அதுதான் நடந்தது. முதலாம் உலக யுத்தம் பண்டங்களின் விலையை ஏற்றியிருந்தது. கண்டியில் தொடங்கிய கலவரம் கடைகளைத் தேடிப் போனது. சமயப் பிணக்கோடு கூட அக்கலவரத்துக்குப் பொருளாதாரக் காரணங்களும் இருந்தன என்பதைக் குமாரி ஜயவர்தனவும் அமீர் அலியும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். நியூட்டன் குணசிங்க 1984இல் எழுதிய ஒரு கட்டுரை, 1977இன் திறந்த பொருளாதாரத்துக்கும் 1983க்கு இட்டுச்சென்ற இனமுறுகலுக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. அரசின் அனுசரணையில் நின்ற சிங்களச் சிறு முதலாளிகள் சந்தை திறந்ததும் அந்த ஆதரவை இழந்தார்கள்; அந்த அனுசரணை முன்பே கிடைக்காத சிறுபான்மை வியாபாரிகள் சந்தையில் பழகியிருந்தார்கள்; ஆத்திரம் கொள்கை வகுத்தவர்மேல் போகாமல் பக்கத்துக் கடைமேல் போனது என்பது அதன் சாரம். எல்லாவற்றையும் பொருளாதாரத்துக்குள் அடக்குகிறார் என்று அவரைக் குறைகூறலாம். சிங்கள பௌத்தத் தேசியவாதத்தின் கருத்துப் பலத்துக்கு அந்தக் கட்டுரையில் இன்னும் இடமிருந்திருக்கலாம். ஆனாலும் 2018 மார்ச்சில் திகனையில் தொடங்கிப் பரவிய தீயைப் பார்த்த நாம், அந்தக் கட்டுரையைப் படிக்காமல் இருக்க நியாயமில்லை. இது சில பக்கங்களே கொண்டது. இரண்டாம் வருட மாணவர் ஒருவர் ஒரு வாரத்தில் படித்து முடிக்கலாம்.

“ஆங்கிலத்தில் படித்தால் தீரும்” என்று சிலர் சொல்வர். ஆங்கிலம் வேண்டும், அதை மறுக்கவில்லை. டி சில்வாவைப் படிக்கவே ஆங்கிலம் வேண்டுமே. ஆனால் தமிழில் எழுவாயைத் தேடப் பழகாதவர் ஆங்கிலத்திலும் தேடமாட்டார், அங்கேயும் பாடமாக்குவார்.

செய்யக்கூடியவை சில. மத்திய வங்கி தன் ஆண்டறிக்கையைத் தமிழிலும் வெளியிட்டு வந்திருக்கிறது. அதிலிருந்து பத்துச் செயப்பாட்டு வாக்கியங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் யார், யாரை, யாரால், யாருக்கு என்று நிரப்பச் சொல்லி மாணவருக்குக் கொடுக்கலாம். இது உயர்தர வகுப்பிலேயே செய்யக்கூடிய பயிற்சி. நான் என் தமிழ் வகுப்பில் செய்விக்கிறேன். அடுத்து, தேயிலையோ டொலரோ ஒன்றைத் தன் வீட்டிலிருந்து பின்தொடர்ந்து பத்துப் பக்கத்தில் எழுதும் சிற்றாய்வை விரிவுரையாளர்கள் பரீட்சைப் புள்ளியில் சேர்க்கலாம். மூன்றாவது இந்தச் சஞ்சிகைக்குரியது. டி சில்வாவின் நூலை அத்தியாயம் அத்தியாயமாகச் சுருக்கி, கலைச்சொல் விளக்கத்தோடு தமிழில் தொடராக வெளியிடவேண்டும். பொருளியல் தெரிந்த ஒருவரும் தமிழ் தெரிந்த ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் ஓர் இதழுக்கு ஓர் அத்தியாயம் கஷ்டமல்ல. தமிழ்ப் பகுதியைச் செய்துதர நான் ஆயத்தம். பேராதனைப் பக்கத்தில் பொருளியல் படித்து வெளியேறிய, படித்துக்கொண்டிருக்கிற வாசகர்களில் ஒருவர் ஆசிரியருக்கு எழுதினால் போதும். அடுத்த விடுமுறையில் தொடங்கலாம்.